பாதியில் நின்ற கை

ஆகஸ்ட் 3, வியாழன்

புழுக்கம். காலையிலிருந்து மேகம், ஒரு சொட்டு இல்லை. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நின்று நின்று இரண்டு காலும் வீக்கம். தோளில் போட்டுக் காட்டிய புடவைகளுக்குக் கணக்கே இல்லை. “உங்களுக்கு நல்லா இருக்குது, எனக்கு இருக்குமா?” என்று ஒரு அம்மா. எனக்கு நன்றாக இருந்து என்ன.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, பல்பு (மாடிக்கு. பெரிய வெளிச்சம்).

சாயந்திரம் என் பெண் கோமதியோடு வீடியோ கால். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். ஒரு கையில் போன், மறுகையால் பேச்சு. பாதிப் பேச்சு. அவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். கை அப்படியே நின்றது. முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. திரும்பி வந்தபோது சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். என்ன கேட்டாளோ. தலையை ஆட்டினேன். அவள் முறைத்தாள். தப்பான பதில் போல.

மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். கோமதிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. எங்களுக்குக் கைதான் வாய். படம் நின்றால் எல்லாம் நின்றது.

புனேயில் அவள் வேலைக்காகத் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் 5ஜி. என் போனும் 5ஜி போன்தான், சித்திரையில் அவளே வாங்கி அனுப்பினாள். போன் வந்துவிட்டது. 5ஜி வரவில்லை.

போன் கடை பாஸ்கரைக் கேட்டேன். “மெட்ராஸ் ஃபுல்லா வந்துடுச்சிக்கா. ஒரகடம் வரைக்கும் இருக்குது. நம்ம ஏரியாவுக்கும் வந்துக்கினே இருக்குது.”

சித்திரையிலும் வந்துக்கினேதான் இருந்தது.

ரசம் சாதம். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது கஷ்டம். எப்போதும் மிஞ்சுகிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். புது பல்பைக் கொடிக்கயிற்றில் கட்டினேன். நல்ல வெளிச்சம். பூச்சியும் சேர்ந்து வந்தது. போனைத் தொட்டிக் குழாயில் சாய்த்து வைத்தேன், இன்று இரண்டு கையும் எனக்கு.

கோ. முதலில் கையால் நெற்றியைத் தட்டினாள். எங்கள் வீட்டில் அதற்கு ‘முக்கியம், கவனி’ என்று அர்த்தம். பிறகு தன்னைக் காட்டினாள். பிறகு இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விரல்கள் கோத்துக்கொண்டன. அங்கே நின்றது.

கோத்த கை. உறைந்த முகம். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. பிறகு சுற்றிச் சுற்றி வரும் அந்த வட்டம். பிறகு கால் கட் ஆகிவிட்டது.

அவள் நாலு வயதில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கை பிடித்துச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து இப்படித்தான் கையைக் கோத்துக் காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அதுதான் கல்யாணம்.

‘என்ன சொன்னே?’ என்று மெசேஜ் போட்டேன்.

அவளிடமிருந்து: ‘எழுத வேண்டாம். கையில் சொல்லணும். உன் முகம் பார்க்கணும் நான்.’

திரும்பத் திரும்பக் கால் போட்டேன். வட்டம் மட்டும் சுற்றியது.

யார் அவன்? எந்த ஊர்? பேசுகிறவனா, இவளைப் போலவா? முகம் பார்க்க வேண்டும் என்கிறாளே. நான் சம்மதிப்பேனா என்று பார்க்கவா?

சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அவர் இருந்திருந்தால், “பொண்ணு என்னா சொல்றா?” என்று மூன்று தடவை கேட்டிருப்பார். எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சல்கூட இல்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வார விடுமுறை. துணி துவைத்தேன். சமையலறை அலமாரி துடைத்தேன். பருப்பில் வண்டு.

பத்து மணிக்குத் தெருவில் சத்தம். ஏகாம்பரம் அண்ணன் வீட்டு மாடியில் டவர் கம்பம் வைக்கலாமா என்று பார்க்க ஒரு கம்பெனிப் பையன் வந்திருக்கிறான். நாலு வீடு தள்ளித்தான். கையிலிருந்த துணியோடு ஓடினேன். நம் தெருவுக்கே 5ஜி!

ஏகாம்பரம் அண்ணன் வாசலில் தெருவே கூடிவிட்டது. வீட்டுக்கு வீடு ஓடும் தறி எல்லாம் நின்று, ரொம்ப நாள் கழித்துத் தெரு அமைதியாக இருந்தது, பேச்சைத் தவிர.

எதிர்வீட்டு தனலட்சுமி: “அதெல்லாம் வேணாம்பா. அண்ணன் மருமக முழுகாம இருக்குது. தலைக்கு மேல டவரு வெச்சா கொழந்தைக்கு என்னா ஆவும்?”

பையன்: “ஒண்ணும் ஆவாதும்மா. எல்லா ஊர்லயும் வெச்சிக்கினுதான் இருக்காங்க.”

“எல்லா ஊர்லயும் வெச்சிக்க. இங்க வேணாம்.”

ஏகாம்பரம் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், வயிற்றின்மேல் கை. அந்தப் பெண்ணின் பயத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறந்துவிட்டேன்.

“எனக்கு வேணும். என் வீட்டு மாடியில வெச்சிக்கட்டும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனலட்சுமி மெதுவாகத்தான் கேட்டாள், அதுதான் இன்னும் வலித்தது: “ஒரே ஒரு ஆளு போன் பேசறதுக்குத் தெருவே கஷ்டப்படணுமா மல்லிகா?”

“நான் பேசல. பாக்கறேன்” என்றேன். யாருக்கும் புரியவில்லை.

பையன் என் மாடியைப் பார்த்தான். சுவர் தாங்காது என்றான். போய்விட்டான். கம்பம் யார் வீட்டுக்கும் இல்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ். வருடா வருடம் தனலட்சுமி வாசலில் நின்று “மல்லிகா, வர்றியா?” என்று கூப்பிடுவாள். இன்று அவள் கொலுசுச் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. தூக்குச் சட்டியைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

கடைக்குப் போய்விட்டேன். அங்கே கூட்டம் இருக்கிறது, பேச வேண்டியிருக்கிறது, நல்லது.

கோ.வுக்கு மெசேஜ்: ‘அவன் பெயர் என்ன?’ பதில்: ‘யார்?’ பிறகு ஒரு சிரிக்கிற பொம்மை. பிறகு, ‘கால்ல சொல்றேன். பொறு.’

பொறுக்கிறேன். வேறு என்ன செய்ய.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை ரத்து. தள்ளுபடி முடியப் போகிறது, எல்லோரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காலையில் கொடியேற்றி மிட்டாய்.

மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர். யாரோ ஒருவரின் பெண்ணுக்குக் கூறைப்புடவை. தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பின்னால் இருந்து ஒரு குரல்: “அந்தம்மா யாருகிட்ட கையாட்டிக்கினு இருக்குது?”

அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் அவன், எந்த ஊர், உனக்குப் பிடித்திருக்கிறதா. ஒத்திகை. “முந்தானை விழுது, அதான்” என்று சமாளித்தேன். வாடிக்கையாளர் சிரித்தார். புடவை விற்றுவிட்டது.

சாயந்திரம் மழை. மாடிக்குப் போக முடியாது. அறைக்குள் ஒரு புள்ளி சிக்னல், அதுவும் வரும் போகும். கோ. கால் போட்டாள், மணி அடித்தது, எடுத்தால் கறுப்புத் திரை. அதில் என் முகம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்பு நனைந்து வெடித்துவிட்டது.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஆடி முடிந்தது. கடையில் திடீரென்று காற்று வாங்குகிறது.

புதிதாகச் சேர்ந்த ரேவதி, ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெண், மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள், அவள் தம்பி எந்நேரமும் போனில் படம் பார்க்கிறானாம். “எங்க ஊர்ல நெட் சும்மா பறக்குது ஆன்ட்டி. காலேஜ் பசங்க இருக்காங்க இல்ல, அதுக்கோசரம் எப்பவோ போட்டுட்டாங்க.”

சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன். “5ஜியா?”

“ஆமா. ஏன் ஆன்ட்டி?”

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கையைப் பற்றி, கம்பத்தைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி. ஏன் இவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சாப்பிடாமல் கேட்டாள். பிறகு, “செவ்வாக்கிழமை வந்துடுங்க. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லயே ஜூஸ் கடை. உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

எத்தனை மாதமாக அது நம் வாசலுக்கு வரும் என்று உட்கார்ந்திருந்தேன். இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எழுத நிறைய. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வெயில். நல்ல புடவை கட்டிக்கொண்டேன், நீலம். கோ.வுக்குக் கை தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பூப்போட்டது ஆகாது. அவளுக்கு இன்று அரை நாள் லீவு. பஸ்ஸில் முழுக்க மாணவர்கள். ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.

ஜூஸ் கடை. ஒரு சாத்துக்குடி சொல்லிவிட்டு மூலை மேசையில் உட்கார்ந்தேன். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்தேன். மேலே மூலையில் 5ஜி என்று எழுதியிருந்தது. முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

கால் போட்டேன். ஒரே மணி. வந்துவிட்டாள்.

என் பெண் முகம். உடையாத முகம். தாடையில் ஒரு பரு. வலது புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு, எனக்குத் தெரியாதது. எப்போது விழுந்தாய் என்று கேட்டேன். கையை வீசி, அது பழசு என்றாள். இளைத்திருக்கிறாள். முடியை வெட்டியிருக்கிறாள், நன்றாக இருக்கிறது. கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். படம் நிற்கவில்லை. ஒரு விரல்கூட விட்டுப்போகவில்லை. எனக்குப் புரியவில்லை.

அவ்வளவு வேகம். ஒரு கை முடிப்பதற்குள் மறு கை. எனக்குத் தெரியாத சைகைகள், ஒன்றன்மேல் ஒன்று. புருவம், உதடு, தோள் எல்லாம் சேர்ந்து பேசுகிறது. அங்கே அவளைப் போன்றவர்கள் பேசும் கைமொழி அது, வகுப்பு எல்லாம் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்களாம். எங்களுடையது நானும் அவளும் அடுப்படியில் உண்டாக்கிக்கொண்டது. சோறு, தண்ணீர், பஸ், வலி, அப்பா, கோபம், நாளைக்கு. ஒரு வீட்டுக்கு அது போதும்.

இத்தனை நாள் நெட்வொர்க்தான் பாதியை விழுங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘மறுபடி’ என்றேன். மறுபடி சொன்னாள். ‘மறுபடி.’ அவள் கைகள் நின்றன. இந்த முறை நின்றது படம் இல்லை, அவள்தான். என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, எங்கள் பழைய கையில் சொன்னாள்.

நான். வேலை, சரி. ஹாஸ்டல், இல்லை. வீடு. நானும் இரண்டு பெண்களும். அறை ஒன்று காலி.

பிறகு என்னைக் காட்டினாள். மூக்குத்தியைத் தொட்டுக் காட்டுவதுதான் அவள் கையில் என் பெயர். பிறகு இரண்டு கையும் சேர்ந்து கோத்துக்கொண்டன.

நீ வா. சேர்ந்து இருக்கலாம்.

கல்யாணம் இல்லை. சேர்ந்து. அங்கே அவர்களுக்கு அது ‘சேர்ந்து’.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். ஜூஸ் கடைக்காரர் வந்து, “இன்னாம்மா, கெட்ட சேதியா?” என்றார். “இல்லைங்க, நல்ல சேதி” என்றேன். பக்கத்து மேசை மாணவர்கள் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் கையாட்டினான். கோ. பதிலுக்குக் கையாட்டினாள்.

அந்த இரண்டு பெண்களும் திரைக்குள் வந்தார்கள். ஒருத்தி கேரளா, ஒருத்தி நாக்பூர். இருவரும் கோ. மாதிரி. எனக்கு வணக்கம் வைத்தார்கள். பிறகு மூவரும் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ஆறு கைகள். என் பெண் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏதோ சொன்னாள், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திரைக்கு வெளியே உட்கார்ந்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிறாயா என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். அவள் முகம் கொஞ்சம் இறங்கியது, அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

சாத்துக்குடியைக் குடிக்கவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஆவணி முகூர்த்தக் கூட்டம் ஆரம்பம். தலைவலி.

சாப்பிடும்போது ரேவதி: “இன்னா ஆன்ட்டி, யாரு மாப்ள?” மாப்பிள்ளை இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். “அப்போ கெளம்புங்க, இன்னா யோசனை?” என்றாள்.

என்ன யோசனை. அந்த வீட்டில் மூன்று பேருக்கும் ஒரு பேச்சு. எனக்கு மட்டும் தெரியாது. காலையில் எழுந்தால், சாப்பிட உட்கார்ந்தால், என் தலைக்கு மேல் கைகள் பறந்துகொண்டிருக்கும். இங்கே வீட்டில் ஆள் இல்லாமல் தனி. அங்கே ஆள் நடுவில் தனி.

பாத்திரம் தேய்க்கும்போது இதை நினைத்தேன், கை நின்றுவிட்டது. கோ. இந்த வீட்டில், இந்தத் தெருவில், எல்லா விசேஷத்திலும் அப்படித்தானே இருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல். வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. குழந்தையில் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள், என்ன சொல்கிறார்கள் சொல்லு என்று. சொல்லுகிற வரைக்கும் விட மாட்டாள். நகம் பதியும்.

எனக்கு ஒரு ஜூஸ் கடையில் அரை மணி நேரம் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மறுபடி ஏனாத்தூர். கடைக்காரரே சர்க்கரை டப்பாவை எடுத்து வைத்தார்.

கோ.விடம் சொன்னேன்: தீபாவளி முடியட்டும், கடையில் லீவு கேட்கிறேன். முதலில் பத்து நாள். பிறகு பார்க்கலாம். அதற்குள் உங்கள் கையை எனக்குக் கற்றுக்கொடு. அவள் எழுந்து நின்று குதித்தாள். தலை படத்துக்கு வெளியே போய்விட்டது.

இன்று கற்றது: எப்படி, ஏன், இட்லி, வாடகை, தோழி. ‘ஏன்’ வரவில்லை, சுண்டுவிரல் கோணிக்கொள்கிறது. “வயசான கை” என்று சொல்லிக் காட்டினேன், அவள் முறைத்தாள்.

தனலட்சுமி சாயந்திரம் வாசலில் நின்றாள். கையில் கிண்ணம், காரக்குழம்பு. உள்ளே வரவில்லை. “செவ்வாக்கெழமையானா எங்கியோ கெளம்பிப் போறியே?”

“பொண்ணுகிட்ட பேச.”

“அதுக்கு ஊர் விட்டு ஊர் போறியா?”

ஆமாம் என்றேன். கிண்ணத்தை என் கையில் வைத்தாள். “கொழம்பு ஆறிடும், சாப்புடு” என்று போய்விட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல். முழுவதும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மத்தியானம் பாஸ்கர் போன் பண்ணினான். “அக்கா, மெயின் ரோட்டு டவர்ல பொட்டி மாத்திட்டாங்க. பாருங்க, பாருங்க!”

அடுப்படியில் நின்றபடி பார்த்தேன். மூலையில் 5ஜி. என் வீட்டில். தெருவில் யாருக்கும் தெரியவில்லை, தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஏனாத்தூர் போகவில்லை. சாயந்திரம் போனை எண்ணெய்த் தூக்கில் சாய்த்து வைத்துக் கால் போட்டேன். குழல்விளக்கு வெளிச்சம், மின்விசிறி, என் நாற்காலி. மாடி ஏறாமல், நனையாமல். கோ. அடுப்படியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பானை, அலமாரி, அம்மி எல்லாவற்றையும் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

அவளுக்குப் பின்னால் அந்த இரண்டு பெண்களும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோ. திரும்பிப் பார்த்தாள், அவளும் சேர்ந்துகொண்டாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று கையால் தட்டிவிட்டாள்.

போனை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். இல்லை. இப்போது. சொல்லு.

மூவரும் நின்றுவிட்டார்கள். கோ. என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

குக்கர் வைத்தோம். (கை முஷ்டி, மேலே ஒரு விரல் துள்ளுகிறது.) விசில் யாருக்கும் கேட்காது. குண்டு ஆடுவதைப் பார்த்து எண்ணுவோம். இன்று இவள் எண்ணுகிறாள் என்று நான் நினைத்தேன், நான் எண்ணுகிறேன் என்று அவள் நினைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் எண்ணுகிறோம் என்று இவள் நினைத்தாள். மூவரும் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மேல்வீட்டு அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்து கதவைத் தட்டோ தட்டு என்று தட்டியிருக்கிறாள். அதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவையும் கதவு வரைக்கும்தான் புரிந்தது. மறுபடி என்றேன். நாக்பூர்ப் பெண் மேல்வீட்டு அம்மாவாக நடித்தாள், இடுப்பில் கை, மூச்சு வாங்க. கேரளாப் பெண் குக்கராக நின்று ஆடினாள். கடைசியில் பருப்பு நிலக்கரி. அந்த அம்மாவே இவர்களுக்குச் சோறு போட்டாளாம்.

சிரித்தேன். சத்தமாக. இந்த அடுப்படியில் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர்கள் மூவரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். கைதட்டல், அவர்கள் முறையில். எனக்குத்தான்.

பிறகு கோ. கேட்டாள், சரி, இன்று உன் கடையில் என்ன நடந்தது? இன்று செவ்வாய், லீவு என்றேன். அப்படியென்றால் நேற்று? நேற்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கூறைப்புடவைக்கு எனக்குச் சைகை தெரியவில்லை. மூவரும் திரைக்குப் பக்கத்தில் வந்து காத்திருந்தார்கள்.